லிஃப்ட் குரலுக்கும் ஒரு பாட்டு: சொந்தச் செலவில் ஆல்பம் போடுவது எப்படி?

காதல், அம்மா, குத்து எல்லாவற்றுக்கும் சினிமாவில் ஆள் இருக்கிறார்கள். நாமே ஆல்பம் போடுவதில் பெரிய லாபம், ‘இட்லி மாவைப் பற்றியெல்லாம் யார் கேட்பார்கள்?’ என்று தடுக்கத் தயாரிப்பாளர் இல்லை. பாம்பையும் வாழைப்பழத்தையும் ஒரே வெண்பாவில் அடக்கிய காளமேகப் புலவரின் மொழி இது. விஷயத்துக்கா பஞ்சம்?

ஆனால் வினோதமான விஷயம் சிக்கியதுமே பாட்டு சிக்கிவிட்டதாக நினைக்க வேண்டாம். வெறுமனே லிஃப்டைப் பற்றி எழுதினால் பல்லவியில் சிரிப்பார்கள், முதல் சரணத்திலேயே அடுத்த பாட்டுக்குத் தாவிவிடுவார்கள். பாடுவது யார், அவருக்கு என்ன வேண்டும் என்பதை முதலில் முடிவு செய்யுங்கள். ‘ப்ளீஸ் க்ளோஸ் த டோர்’ என்று நாள் முழுக்கக் கெஞ்சும் பெண் குரலிடமே நான் பாட்டைக் கொடுத்துவிட்டேன். மூன்றாம் மாடிக்காரர் ஒரு காலால் கதவைப் பிடித்துக்கொண்டு, வீட்டுக்குள் இருக்கும் மனைவியிடம் சாவியைக் கேட்கிறார். லிஃப்ட் குரல்காரி கெஞ்சுகிறாள். கரண்ட் போனால்தான் அவளுக்கு ஓய்வு. சிரிப்பு தானாக வரும், நாம் கிச்சுகிச்சு மூட்ட வேண்டியதில்லை.

மெட்டை விஷயத்துக்கு எதிர்த்திசையில் போட்டுப் பாருங்கள். மார்கழிக் குளிரில் பொங்காத மாவைப் பற்றிய பாட்டு என்றால் துள்ளலாக ஏதாவது போடத்தான் கை போகும். நான் போட்டது தாலாட்டு. தூங்கவைக்கிற மெட்டில் ‘எழுந்திரு கண்ணே’. பாடும்போது சீரியஸாகப் பாடுங்கள். பாடகர் சிரித்தால் கேட்பவர் சிரிக்கமாட்டார்.

பதிவுக்கு ஸ்டூடியோ தேவையில்லை. ஃபேனை நிறுத்துங்கள், துணி நிறைந்த அலமாரியைத் திறந்துவைத்து அதன் முன்னால் பாடுங்கள், காக்கைகள் எழும் முன் முடித்துவிடுங்கள். வீட்டுச் சத்தத்தையும் வாத்தியமாக்கலாம். குக்கர் விசிலை எடுப்பதானால் மைக்கைத் தள்ளிவைத்து, பதிவு மீட்டரில் லெவல் -12 டெசிபெலைத் தாண்டாமல் பாருங்கள். விசில் ஏறி இறங்கும். நடுவே நிலையாக நிற்கும் துண்டை மட்டும் வெட்டி, ட்யூனர் ஆப்பில் சுரம் பாருங்கள். விசிலை நம் கட்டைக்கு, அதாவது நாம் பாடும் சுருதிக்கு, இழுக்கலாம்தான். பாட்டை விசிலின் கட்டைக்கு மாற்றுவது இன்னும் நன்றாக இருக்கும் என்பது என் கட்சி. லிஃப்ட் குரலை மட்டும் போனில் பிடித்து அப்படியே போடாதீர்கள், அது யாரோ ஒருவருடைய குரல். தோழியைப் பேசவைத்துப் பதியுங்கள்.

அப்புறம் வெளியீட்டு வேலை. டிஸ்ட்ரோகிட், ட்யூன்கோர் மாதிரி, பாட்டைத் தளங்களுக்குக் கொண்டுசேர்க்கும் ஒரு டிஸ்ட்ரிபியூட்டர் வழியாகத்தான் ஸ்பாட்டிஃபை, ஆப்பிள் மியூசிக்குக்குப் போக முடியும். சுருக்கப்படாத வேவ் (WAV) ஃபைல், 3000-க்கு 3000 பிக்சல் அட்டைப்படம் (அதில் விலையோ இணைய முகவரியோ கூடாது), மொழி என்ற இடத்தில் மறக்காமல் தமிழ். மாஸ்டரிங்கில் (பாட்டுக்குக் கடைசி மெருகேற்றும் வேலை) சத்தத்தை ஏற்றித் தள்ளுவதில் பயனில்லை, ஸ்பாட்டிஃபை எப்படியும் -14 லஃப்ஸுக்கு (பாட்டின் சராசரிச் சத்தத்தை அளக்கும் அலகு, LUFS) இறக்கிவிடும். ஸ்பாட்டிஃபையின் பிளேலிஸ்ட்டுக்குப் பரிசீலிக்கச் சொல்லி அனுப்ப ஒரு நேரத்தில் ஒரு பாட்டுதான், அதுவும் வெளியாவதற்கு ஏழு நாளாவது முன்பு. ஆகவே ஒரு மாதம் முன்பே ஏற்றிவிடுங்கள்.

பணம்? 2024 முதல், பன்னிரண்டு மாதத்தில் ஆயிரம் முறைகூட ஓடாத பாட்டுக்கு ஸ்பாட்டிஃபை காசு தருவதில்லை. பேண்ட்கேம்ப் என்ற தளத்தில் ரசிகர் நேரடியாக வாங்கலாம். டிஜிட்டல் விற்பனையில் அவர்கள் எடுப்பது 15 சதவீதம். வரியும் மெட்டும் உங்களுடையதென்றால் பாடலாசிரியர், இசையமைப்பாளர்களுக்கு ராயல்டி வசூலித்துத் தரும் ஐபிஆர்எஸ் (IPRS) சங்கத்தில் உறுப்பினராகுங்கள். சேர்ந்து எழுதியவர் இருந்தால் யாருக்கு எவ்வளவு என்று வெளியீட்டுக்கு முன்பே எழுதிக் கையெழுத்து வாங்குங்கள். ‘கரண்டி போடாதே, கையாலயே கரை’ என்று அத்தை சொன்னதுதான் என் மாவுப் பாட்டின் இரண்டாம் சரணத்தில் முதல் வரி. அவர் பெயரிலும் ஒரு பங்கு எழுதியாகிவிட்டது.