சிமுலேஷன் எண்களை நம்பும் முன்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

புள்ளியியல் இயற்பியலில் ஆய்வு தொடங்குபவர்கள் சமன்பாடுகளில் சறுக்குவது குறைவு. கணினி கொட்டும் எண்களைப் படிப்பதில்தான் சறுக்குகிறார்கள். கையில் இருக்கும் தகவல், கோப்பின் அளவைப் பார்த்து நாம் நினைப்பதைவிட எப்போதும் குறைவு.

இருபரிமாண ஐசிங் மாதிரியை (கட்டத்தில் அடுக்கிய, மேலோ கீழோ நோக்கும் சிறு காந்தங்கள்) மெட்ரோபொலிஸ் முறையில், அதாவது காந்தங்களை ஒவ்வொன்றாகச் சமவாய்ப்பில் திருப்பிப் பார்த்து, ஓட்டுகிறீர்கள். ஒரு சுற்றுக்கு (எல்லாக் காந்தங்களுக்கும் ஒரு வாய்ப்பு) ஒன்றாக 10,000 அளவீடுகள். திட்ட விலக்கத்தை 100-ஆல் (10,000-இன் வர்க்கமூலம்) வகுத்துப் பிழை வரம்பு போட்டுவிட்டால் அது தவறு. ஒவ்வொரு நிலையும் முந்தைய நிலையைச் சற்றே மாற்றிப் பிறந்தது; அவை சார்பற்றவை அல்ல. தன்னொட்டுறவு நேரம் (பழைய நிலையின் நினைவு மங்க ஆகும் நேரம்) 50 சுற்று என்றால், அதன் இரு மடங்கான 100 சுற்றுக்கு ஒன்றுதான் புதிய அளவீடு; உங்களிடம் இருப்பவை சுமார் 100 சார்பற்ற அளவீடுகள்தான். உண்மையான பிழை நீங்கள் போட்டதைப்போல் 10 மடங்கு.

நாம் ஆராய விரும்பும் இடத்தில்தான் இது மிக மோசமாகிறது. 1944-இல் ஆன்சாகர் துல்லியமாகத் தீர்த்த மாதிரி இது. காந்தத்தன்மை மறையும் மாறுநிலை வெப்பநிலை, வழக்கமான அலகில், 2.269. அங்கே தன்னொட்டுறவு நேரம் கட்டத்தின் பக்க அளவின் ஏறத்தாழ 2.17-ஆம் அடுக்காக வளர்கிறது. பக்கத்தை இரட்டித்தால் காத்திருப்பு நாலரை மடங்கு. தரவைத் தொகுதிகளாகப் பிரித்து, தொகுதி நீளத்தை இரட்டித்துக்கொண்டே போய்ப் பிழையைக் கணக்கிடுங்கள். அது ஓரிடத்தில் நிலைகொண்டால் அந்த மதிப்பை நம்பலாம். ஏறிக்கொண்டே போனால் ஓட்டம் போதவில்லை என்று பொருள். சமநிலைக்கு வராத தொடக்கச் சுற்றுகளை விலக்கிவிட வேண்டும் என்பதைச் சொல்லத் தேவையில்லை.

இந்த மந்தத்துக்கு மருந்தாக 1989-இல் வோல்ஃப், ஒரே திசை நோக்கும் காந்தங்களைக் கொத்தாகத் திருப்பும் கொத்து முறையைத் தந்தார். அதிலும் ஒரு பொறி இருந்தது. 1992-இல் ஃபெரன்பெர்க், லாண்டவ், வாங் மூவரும் தரமானது என்று பெயரெடுத்த ஆர்250 சமவாய்ப்பு எண் உருவாக்கியோடு அதே ஐசிங் மாதிரியை ஓட்டியபோது விடை முறையாகவே தவறி வந்தது. எளிய உருவாக்கி ஒன்று அதைவிட நல்ல விடை தந்தது. துல்லியமான விடை முன்பே தெரிந்திருந்ததால்தான் தவறு பிடிபட்டது! அதனால் புது நிரலை, தீர்வு தெரிந்த மாதிரி ஒன்றில், தொடர்பில்லாத இரண்டு உருவாக்கிகளோடு ஓட்டிப் பார்க்காமல் எந்த முடிவையும் எழுதாதீர்கள். கடிகார நேரத்தை விதையாக (உருவாக்கியின் தொடக்க எண்ணாக) கொடுத்து ஒரே நொடியில் பல ஓட்டங்களைத் தொடங்குவதும் வேண்டாம். எல்லாம் ஒரே ஓட்டமாக முடியும்.

பிரௌனியன் இயக்கத்துக்கு (திரவத்தில் துகளின் ஒழுங்கற்ற அலைவு) நிரல் எழுதும்போது இரைச்சல் உறுப்பை, அதாவது சமவாய்ப்பு உதைப்பை, நேர இடைவெளியால் பெருக்குவது இன்னொரு பழக்கமான பிழை. அதன் வர்க்கமூலத்தால் பெருக்க வேண்டும். இல்லாவிட்டால் இடைவெளியைக் குறைக்கக் குறைக்கத் துகள் பரவுவதே நின்றுபோகும். இடைவெளியைப் பாதியாக்கி ஓட்டுங்கள். சராசரி வர்க்க இடப்பெயர்ச்சி மாறினால் நிரலில் கோளாறு.

சராசரியே நடப்பது என்று எண்ணுவதுதான் ஆழமான தவறு. ஓர் அளவு ஒவ்வொரு படியிலும் சம வாய்ப்போடு 1.5 அல்லது 0.6 மடங்காகிறது என்று கொள்வோம். சராசரி படிக்கு 5 சதவீதம் வளரும். 100 படியில் சுமார் 131 மடங்கு. ஆனால் பாதிப் படிகள் ஏறி, பாதிப் படிகள் இறங்கும் வழக்கமான பாதையில் மிஞ்சுவது 0.9-இன் 50-ஆம் அடுக்கு, அதாவது சுமார் 0.005. மிக அரிதான சில பாதைகளே அந்தச் சராசரியைச் சுமக்கின்றன. நீங்கள் ஆயிரம் ஓட்டம் எடுத்தாலும் அவை அநேகமாகச் சிக்காது; சிமுலேஷன் சராசரி உண்மையைவிடக் குறைவாகவே வரும். இங்கே மடக்கையின் சராசரியையும் இடைநிலையையும் சேர்த்தே தர வேண்டும்.

அடுக்கு விதியும் (ஓர் அளவின் நிகழ்தகவு அந்த அளவின் ஓர் அடுக்காகக் குறைவது) அப்படித்தான். இரட்டை மடக்கைத் தாளில் சுமார் 30 மடங்கு வீச்சுக்கு நேர்கோடு தெரிந்தால் போதாது. மடக்கை-இயல்நிலைப் பரவலும் (மடக்கை எடுத்தால் மணிவடிவம் பெறும் பரவல்) அந்த நீளத்துக்கு நேராகவே தோன்றும். கோடு பொருத்துவதை விட்டு, பெரும நிகழ்தகவு முறையில் (கிடைத்த தரவு வருவதற்கான வாய்ப்பை உச்சமாக்கும் மதிப்பைத் தேர்வது) அடுக்கைக் கணித்து, இரண்டு பரவல்களில் எது தரவுக்குக் கூடுதலாகப் பொருந்துகிறது என்று ஒப்பிட்டபின் பெயர் சூட்டுங்கள்.