பஸ்ஸில் போய்ப் பறவை பார்க்கலாம்: யாழ்ப்பாணத்தில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

மாரி பிடித்து ஐப்பசி கழியும் வேளையில் எங்கள் கிணற்றடி வாழைகளுக்குள் ஆறுமணிக்குருவி கூப்பிடத் தொடங்கும். காலை ஆறு மணியளவிலும் மாலை ஆறு மணியளவிலும் கூப்பிடுவதால் வந்த பெயர். இந்தியாவிலிருந்து கடல் கடந்து வருகிற குருவி அது. களைத்துப்போய் விறாந்தையில் விழுந்து கிடந்ததென்று ஆண்டுதோறும் யாராவது படம் எடுத்து அனுப்புவார்கள். அந்தக் குரல் கேட்டதும் எங்கள் குழுவில் பயணப் பேச்சுத் தொடங்கிவிடும்.

குழுவில் பத்துப் பன்னிரண்டு பேர் இருக்கிறோம். ஆசிரியர்கள், பல்கலைக்கழகப் பிள்ளைகள், ஓய்வுபெற்ற தபால் அதிபர் ஒருவர். ஒருவரிடமும் வான் இல்லை. பஸ்ஸிலும் நடையிலும்தான் போய் வருகிறோம், யாழ்ப்பாணத்தில் பறவை பார்க்க அது தாராளமாகப் போதும். ஆனால் பஸ்ஸில் போகிறவர்களுக்கென்றே சில தவறுகள் உண்டு. புதிதாக வருகிறவர்கள் ஆண்டுதோறும் அவற்றையே செய்கிறார்கள். அவற்றில் பாதியை நானும் செய்திருக்கிறேன்.

ஒரே நாளில் எல்லாவற்றையும் பார்க்க நினைப்பது

காலையில் பட்டினத்துப் பண்ணைக் கரை, பத்து மணிக்குக் குறிகட்டுவான், மத்தியானம் காரைநகர், பின்னேரம் வல்லை வெளி. வரைபடத்தில் பார்த்தால் எல்லாம் கிட்டக் கிட்டத்தான் இருக்கும். என் முதல் பயணம் இப்படித்தான் போனது. பண்ணையில் முக்கால் மணி நேரம் நின்றுவிட்டு, பறவைகள் அப்போதுதான் கரைப்பக்கம் நெருங்கி வருகிற வேளையில் பஸ் பிடிக்க ஓடினோம். அன்று பறவை பார்த்த நேரத்தைவிட பஸ் நிலையத்தில் நின்ற நேரம்தான் அதிகம்.

தீவுப்பகுதி பஸ்கள் ஒரு பக்கம் போகும், வடமராட்சி பஸ்கள் இன்னொரு பக்கம் போகும். ஒன்றிலிருந்து மற்றதுக்கு மாற வேண்டுமானால் திரும்பவும் பட்டினத்துக்கு வரவேண்டும். அதனால் எங்கள் குழுவில் இப்போது ஒரே விதிதான்: ஒரு நாளைக்கு ஒரு தண்ணீர். பண்ணை என்றால் பண்ணை மட்டும். கல்லுண்டாயில் இறங்கினால் அராலி வரை நடந்து அங்கே பஸ் ஏறுவது. வடமராட்சி என்றால் பருத்தித்துறைக்கு ஓடும் 750 பஸ்ஸில் வல்லைப் பாலத்தடியில் இறங்கி, தொண்டைமானாற்று நீரேரியை மட்டும் பார்ப்பது. பொன்னாலைப் பாலம், தென்மராட்சியில் சரசாலைக் குருவிக்காட்டின் கண்டல் பகுதி எல்லாம் தனித்தனி நாளுக்கு உரியவை.

ஒரே இடத்தில் மூன்று மணி நேரம் அசையாமல் நின்றால்தான், வந்தவுடன் பார்த்த வெறுஞ்சேறு எவ்வளவு பேருக்குச் சாப்பாடு போடுகிறது என்று தெரியும். முதல் அரை மணி நேரத்தில் உங்களைக் கண்டு விலகிப்போன பவளக்காலியும் கொசு உள்ளானும் மெல்ல மெல்லத் திரும்பி வரும். மீன்பிடிக்க நட்ட சிறகு வலைக் கம்புகளில் இருந்து ஆலாப் பறவைகள் ஒவ்வொன்றாக இறங்கும். ஓடி ஓடிப் பார்க்கிறவர்களுக்கு இது கிடைக்காது.

சுண்டிக்குளத்தைப் பற்றி எல்லோரும் கேட்பார்கள். 1938 இல் சரணாலயமாகி, 2015 இல் தேசியப் பூங்காவாக உயர்த்தப்பட்ட அருமையான இடம். ஆனால் பஸ்ஸில் போய் அன்றே திரும்பும் பயணத்துக்கு அது தோதில்லை. குழுவாக வாகனம் பிடிக்கும் ஒரு நாளுக்கு அதை வைத்துக்கொள்ளுங்கள்.

மாதத்தைச் சரியாகப் பிடித்து, தண்ணீரைத் தவறவிடுவது

டிசம்பர் விடுமுறையில் வந்து, கொட்டும் மழைக்குள் நின்று, ஒன்றும் இல்லையே என்று திரும்புகிறவர்கள் பலர். பறவைகள் வந்துதான் இருக்கும். ஆனால் மாரி மழையில் நீரேரிகள் நிரம்பி நிற்கும்போது, சேற்றைக் கிளறித் தின்னும் கரைப்பறவைகளுக்குக் கால் வைக்க இடமில்லை. அவை தரவை எனும் புல்வெளிகளிலும் வயல் ஓரங்களிலும் சிதறிப்போய்விடும். மழை ஓய்ந்து, தைப்பொங்கலும் கழிந்து, தண்ணீர் கணுக்கால் அளவுக்கு வற்றும்போதுதான் அவை கூட்டமாகச் சேரும். முதல் பயணத்துக்கு ஜனவரி நடுவிலிருந்து பெப்ரவரி முடியும் வரை உள்ள காலம் நல்லது.

நம் கடலில் வற்று வெள்ளத்தின் (கடல் ஏறி இறங்குவதன்) வித்தியாசம் ஒரு மீற்றரைக்கூட எட்டாது. ஆழமில்லாத நீரேரியில் மழையும் காற்றும்தான் தண்ணீரை ஏற்றி இறக்குகின்றன. வாடைக்காற்று பலமாக அடித்தால் நேற்றுச் சேறாக இருந்த இடம் இன்று தண்ணீராக இருக்கும். இதை எந்தச் செயலியும் சொல்லாது, கரையில் வலை காய வைக்கிறவர் சொல்லுவார். ஒருமுறை அராலிக் கரையில் கேட்டேன். "பிள்ளை, நேற்று முழுக்க இஞ்சதான் நிண்டது. இண்டைக்குக் காத்துக்கு அங்கால போட்டுது" என்று கையைக் காட்டினார். காட்டிய திசையில் அரை மணி நேரம் நடந்தோம். ஊசிவால் வாத்துகள் நூற்றுக்கணக்கில் நின்றன. (எங்களூர்ப் பேச்சில் அதுவும் தாராதான்.) அவரைக் கேட்காமல் போயிருந்தால் வெறுங்கையோடு பஸ் ஏறியிருப்போம்.

பிந்திப் போவது

ஜனவரியில் ஆறரை மணியளவில் சூரியன் எழும். அப்போது நீங்கள் கரையில் நிற்க வேண்டும். ஒன்பதரை, பத்து மணிக்குமேல் உப்பு வெளியில் கானல் ஆடத் தொடங்கும். எவ்வளவு விலை கொடுத்து வாங்கிய தொலைநோக்கியானாலும் சரி, அதற்குப் பிறகு தூரத்துப் பறவை எல்லாம் நெளிகிற புள்ளிதான். ஞாயிற்றுக்கிழமைகளில் பஸ்கள் குறைவு. அதனால் முதல் பஸ் எத்தனை மணிக்கு என்று முதல்நாள் பின்னேரமே நிலையத்தில் கேட்டுவையுங்கள். முதல் பஸ் பிந்தும் என்று தெரிந்தால் பண்ணையைத் தெரிவு செய்யுங்கள், நிலையத்திலிருந்து கோட்டையைத் தாண்டி நடந்தே போய்விடலாம்.

வெயில் முதுகில் விழ நிற்க வேண்டும் என்பதையும் பலர் மறந்துவிடுகிறார்கள். எதிர்வெயிலில் எல்லாப் பறவையும் கறுப்பு. கல்லுண்டாய் வீதியில் நீரேரி மேற்கே இருப்பதால் அது காலைக்குரிய இடம்.

பூநாரையைப் பறக்க வைப்பது

இதைப் பற்றித்தான் இந்தக் கட்டுரையே எழுதத் தோன்றியது.

பூநாரை வந்திருக்கிறதென்று செய்தி பரவியதும் பட்டினத்திலிருந்து மோட்டார் சைக்கிள்களில் கூட்டம் வரும். தூரத்தில் நிற்கும் பூநாரை பெரும்பாலும் வெள்ளையாகத்தான் தெரியும். இளம் பறவைகளோ சாம்பல் நிறம், சிவப்புப் பிடிக்கச் சில ஆண்டுகள் எடுக்கும். உண்மையான செம்மை மடக்கிய சிறகுக்குள் இருக்கிறது. பறந்தால்தான் செம்மையும் கருமையும் சேர்ந்து விரியும். படம் எடுக்க வந்தவருக்கு அதுதான் வேண்டும். அதனால் கை தட்டுகிறார்கள், கல் எறிகிறார்கள், சேற்றுக்குள் இறங்கி ஓடுகிறார்கள். இப்போது ட்ரோனும் வந்துவிட்டது.

பூநாரை சாப்பிடும் விதத்தை ஒருமுறை பொறுமையாகப் பாருங்கள். தலையைக் கவிழ்த்து, அலகைத் தலைகீழாகத் தண்ணீருக்குள் வைத்து, நாக்கால் நீரை உறிஞ்சி வெளியே தள்ளி, சல்லடையில் மிஞ்சுவதைப் போல் மிஞ்சும் சிறு உயிர்களையும் பாசியையும் விழுங்குகிறது. அந்த உணவிலிருந்துதான் அதற்கு நிறமே வருகிறது. அவ்வளவு பெரிய உடம்பை இப்படிச் சிறுகச் சிறுக நிரப்ப நாள் முழுக்கத் தலை குனிந்து நிற்க வேண்டும். ஒரு தடவை கிளப்பினால் பறப்பதற்கான சக்தியும் போச்சு, சாப்பாட்டு நேரமும் போச்சு. காலையில் நீங்கள், பத்து மணிக்கு இன்னொரு கூட்டம், பின்னேரம் ட்ரோன் என்றால் அந்தப் பறவை என்ன செய்யும்? இடத்தை விட்டே போய்விடும்.

வாத்துகளுக்கும் உள்ளான்களுக்கும் இது இன்னும் பெரிய பிரச்சினை. அவற்றில் பல வட ஆசியாவிலிருந்து மத்திய ஆசிய வலசைப் பாதை வழியாக வருபவை. இலங்கை அந்தப் பாதையின் தெற்கு முடிவு, இதற்குப் பிறகு தெற்கே வெகுதூரத்துக்குப் பெருநிலமில்லை. பங்குனி, சித்திரையில் திரும்பிப் பறக்கத் தேவையான கொழுப்பை இங்கேயுள்ள சேற்றிலிருந்துதான் சேர்க்க வேண்டும்.

நீங்கள் நெருங்கும்போது தின்றுகொண்டிருந்த பறவைகள் தலை நிமிர்த்தினால் நின்றுவிடுங்கள். எல்லாம் ஒரு பக்கமாக நடக்கத் தொடங்கினால் நீங்கள் ஏற்கெனவே கிட்டப் போய்விட்டீர்கள், இரண்டு எட்டுப் பின்னுக்கு வாருங்கள். வீதியை விட்டு இறங்காமல் நிற்பதே பெரும்பாலும் போதும். பஸ்ஸில் வந்தவருக்கு இதில் ஒரு வசதியும் இருக்கிறது. வீதியில் ஓடும் வாகனத்துக்குப் பழகிய பறவைகள் வீதியோரத்தில் அசையாமல் நிற்கும் ஆளையும் கொஞ்ச நேரத்தில் பொறுத்துக்கொள்ளும்.

அப்புறம், கூட்டம் நிற்கும் சரியான இடத்தை அன்றே முகநூலில் போடாதீர்கள். படத்தைப் போடலாம், "யாழ்ப்பாணம்" என்று மட்டும் எழுதலாம்.

பாதையை விட்டு இறங்குவது

முகமாலை, கிளாலிப் பக்கங்களில் மிதிவெடி அகற்றும் வேலை நீண்ட காலம் நடந்த நிலங்கள் உண்டு. மண்டையோட்டுப் பலகை கண்டால் அதற்கு அப்பால் ஓர் அடியும் வைக்க வேண்டாம். பலகை இல்லாத பற்றைக்குள்ளும் ஊரவர் நடக்கும் ஒற்றையடிப் பாதை இல்லையென்றால் போக வேண்டாம். பறவை எவ்வளவு அரியதாக இருந்தாலும் சரி.

பண்ணை, மண்டைதீவு, காரைநகர், ஆனையிறவு போன்ற இடங்களில் முகாம்களும் காவலரண்களும் இருக்கின்றன. நீளமான கமரா லென்ஸை அந்தப் பக்கம் திருப்பாதீர்கள். அடையாள அட்டையை எடுத்துச் செல்லுங்கள். கேட்டால் தொலைநோக்கியைக் கொடுத்து அவர்களையும் ஒரு தடவை பார்க்கச் சொல்லுங்கள். எங்களுக்குப் பல இடங்களில் அதோடு பேச்சு முடிந்திருக்கிறது.

திரும்பி வருவதை யோசிக்காமல் போவது

கல்லுண்டாய், வல்லை வெளி போன்ற இடங்களில் கடை இல்லை, நிழல் இல்லை, மலசலகூடமும் இல்லை. பெண்கள் பட்டினத்து நிலையத்திலோ வழியில் தெரிந்தவர் வீட்டிலோ போய்விட்டுத் தொடங்குவது நல்லது. ஆளுக்கு இரண்டு லீற்றர் தண்ணீர், தொப்பி, கட்டிக்கொண்டு போன இடியப்பமோ ரொட்டியோ இருந்தால் போதும். நடத்துநரிடம் ஏறும்போதே "அண்ணை, கல்லுண்டாயில இறக்கிவிடுங்கோ" என்று சொல்லி, திரும்பும் பஸ் எத்தனை மணிக்கு என்பதையும் கேட்டுக்கொள்ளுங்கள்.

தீவுகளுக்கு இதில் இன்னும் கவனம் வேண்டும். குறிகட்டுவானிலிருந்து நயினாதீவுக்குப் படகுகள் அடிக்கடி உண்டு. நெடுந்தீவுக்கு அப்படியில்லை. திரும்பும் படகைத் தவறவிட்டால் இரவு அங்கேதான். மாரிக் கடல் கொந்தளித்தால் படகே ஓடாமலும் போகலாம்.

குழுவோடு போய்த் தனியாகப் பார்ப்பது, அல்லது குழுவாகச் சத்தம் போடுவது

பன்னிரண்டு பேர் ஒன்றாகக் கதைத்தால் சந்தைதான். எங்கள் குழுவில் கரையில் நிற்கும்போது ஒருவர் மட்டும் பேசுவார், மற்றவர்கள் கேள்வியைத் தேநீர் நேரத்துக்கு வைத்துக்கொள்ள வேண்டும். இரண்டு தொலைநோக்கிதான் இருந்தாலும் முதலில் பிள்ளைகளுக்கும் புதியவருக்கும் போகும். நீங்களே வாங்குவதானால் 8×42 (எட்டு மடங்கு பெரிதாக்குவது) வாங்குங்கள். பெரிதாக்கும் என்று 20 மடங்குக் கருவி வாங்கியவர்கள் கை நடுக்கத்தில் ஒன்றையும் பார்ப்பதில்லை.

புதியவர்கள் முதல் நாளே எல்லா உள்ளானுக்கும் பெயர் தேடிக் களைத்துப்போவார்கள். கால் நிறத்தையும் அலகு நீளத்தையும் மட்டும் பாருங்கள். நெடுங்கால் உள்ளான், பவளக்காலி, கருவால் மூக்கன், மீசை ஆலா, கூழைக்கடா, மஞ்சள் மூக்கு நாரை என்று ஆறேழு தெரிந்தால் முதல் பருவத்துக்கு அது நிறைவு. தெரியாததைத் தெரியாது என்றே குறிப்பில் எழுதுங்கள். அதிலும் வெட்கமில்லை: மணலில் ஓடும் ஒரு சின்ன உப்புக்கொத்தியை வெளிநாட்டிலிருந்து வரும் உப்புக்கொத்தியின் ஓர் இனப்பிரிவு என்றுதான் அறிஞர்களும் நீண்ட காலம் வைத்திருந்தார்கள். அது இலங்கையிலும் தென்னிந்தியாவிலும் நிரந்தரமாக வாழும் தனி இனம் என்று 2023 இல்தான் பிரித்தார்கள். இப்போது அதன் பெயர் அனுமான் உப்புக்கொத்தி.

ஆசிய நீர்ப்பறவைக் கணக்கெடுப்பு 1987 முதல் ஜனவரி மாதங்களில் நடக்கிறது. எண்ணத் தெரிந்த குழுவோடு அதில் ஒரு நாள் நில்லுங்கள். பெருங்கூட்டத்தை ஒவ்வொன்றாக எண்ணப் போனால் நடுவில் பறந்துவிடும். முதலில் பத்தை எண்ணி, அந்தப் பத்து எவ்வளவு இடம் பிடிக்கிறது என்று கண்ணில் பதித்து, கூட்டம் முழுவதற்கும் அதை அடுக்க வேண்டும். எதுவும் இல்லாத நீரேரியையும் பூச்சியம் என்று பதிய வேண்டும். அந்தப் பூச்சியத்தை எழுதாமல் விடுகிறவர்கள்தான் அதிகம்.

பஸ்ஸுக்கு நிற்கும் நேரத்தை விட்டுவிடுவது

வேலை முடிந்தது என்று தொலைநோக்கியைப் பையில் வைத்துவிட்டு எல்லோரும் கைபேசியைப் பார்ப்பார்கள். தலைக்கு மேலே மின்கம்பியில் கரிச்சான் இருக்கும். நமக்கு அது அன்றாடக் குருவி. ஆனால் இலங்கையில் அது வடக்கிலும் வடமேற்குக் கரையிலும்தான் வாழ்கிறது. கள்ளிப்புறாவும் நீண்டவால் கீச்சானும் அப்படித்தான். கொழும்பிலிருந்தும் கண்டியிலிருந்தும் ரயில் ஏறி இந்த மூன்றையும் பார்க்கவென்றே வருகிறவர்கள் இருக்கிறார்கள். சென்ற மாசியில் அராலிச் சந்தியில் பஸ் ஐம்பது நிமிடம் பிந்தியது. கம்பியில் கரிச்சான் நான்கு, பனையடியில் கள்ளிப்புறா ஒரு சோடி, வேலிக்கு அப்பால் கௌதாரி ஒன்று கத்திக்கொண்டிருந்தது. அன்றைய குறிப்பேட்டில் கடைசி மூன்று வரிகள் அங்கே எழுதியவை.