வெளிநாட்டில் பிஎச்டி, போஸ்ட்டாக் தேடும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

வெளிநாட்டில் நிதியுதவியோடு பிஎச்டி செய்யலாம் என்று முடிவெடுத்ததும் பலரும் முதலில் செய்வது, "ஸ்காலர்ஷிப்" என்று தேடுவதுதான். அங்கேயே நல்ல வாய்ப்புகள் பல கைநழுவிப் போகின்றன. நெதர்லாந்து, சுவீடன், நார்வே போன்ற நாடுகளில் பிஎச்டி என்பது பெரும்பாலும் ஒரு வேலை. ஒப்பந்தம், மாதச் சம்பளம், வரிப் பிடித்தம், விடுமுறை எல்லாம் உண்டு. அதனால் அறிவிப்பும் பல்கலைக்கழகத்தின் வேலைவாய்ப்புப் பக்கத்தில்தான் வரும். நெதர்லாந்துக்கு அகாடமிக் டிரான்ஸ்ஃபர், ஐரோப்பா முழுமைக்கும் யூராக்ஸஸ் என்று இதற்கான தளங்களே இருக்கின்றன.

அமெரிக்கா வேறு கதை. அங்கே துறையில் இடம் கிடைத்தால் பணமும் பெரும்பாலும் கூடவே வரும், டீச்சிங் அசிஸ்டென்டாகவோ ரிசர்ச் அசிஸ்டென்டாகவோ. விண்ணப்பக் கெடு பல துறைகளில் டிசம்பரிலேயே முடிந்துவிடும், ஆனால் சேருவது அடுத்த ஆண்டு ஆகஸ்டிலோ செப்டம்பரிலோதான். பிப்ரவரியில் தேட ஆரம்பிப்பவருக்கு ஒரு வருடம் போய்விடுகிறது. அப்புறம், யாரைச் சேர்ப்பது என்று முடிவு செய்வது பல துறைகளில் ஒரு குழு. பேராசிரியர் மெயிலுக்குப் பதில் போடவில்லை என்பதற்காக அந்தப் பல்கலைக்கழகத்தையே விட்டுவிடாதீர்கள்.

ஆக, முதலில் கேட்க வேண்டியது ஒன்றுதான்: பணம் யார் கையில் இருக்கிறது? பேராசிரியரின் புராஜெக்டிலா, துறையிடமா, வெளியே ஒரு ஃபெலோஷிப் அமைப்பிடமா? அது தெரிந்தால் யாருக்கு எழுதுவது, எப்போது எழுதுவது என்ற குழப்பம் பெருமளவு தீர்ந்துவிடும்.

அடுத்த தவறு, "முழு நிதியுதவி" என்ற சொல்லைப் பார்த்ததும் மீதியைப் படிக்காமல் விடுவது. பிரிட்டனில் சில உதவித்தொகைகள் உள்நாட்டு மாணவருக்கான கட்டணத்தை மட்டுமே ஈடுகட்டும், வெளிநாட்டு மாணவர் மீதித் தொகையைக் கையிலிருந்து கட்ட வேண்டும், அந்த வித்தியாசம் சிறியதல்ல. ஜெர்மன் அறிவிப்புகளில் "டிவி-எல் இ13, 65%" என்று இருக்கும். டிவி-எல் என்பது மாநில அரசுப் பணியாளர்களுக்கான சம்பள ஒப்பந்தம், இ13 என்பது சம்பளப் படிநிலை, 65% என்பது முழுநேர வேலையில் எத்தனை பங்குக்குச் சம்பளம் என்பது. முழு இ13 சம்பளத்தை இணையத்தில் பார்த்துவிட்டுக் கணக்குப் போட்டால் ஏமாற்றம்தான். அமெரிக்காவில் ஸ்டைபெண்ட் (மாணவருக்குத் தரும் உதவித்தொகை) 9 மாதத்துக்கா 12 மாதத்துக்கா, மருத்துவக் காப்பீடு சேர்த்தா என்று கேட்டுக்கொள்ளுங்கள். கேட்பதில் கூச்சமே வேண்டாம்.

தகுதி விதிகளையும் கடைசி வரி வரை படிக்க வேண்டும். ஐரோப்பிய ஒன்றியம் நிதி தரும் மேரி கியூரி திட்டத்தின் டாக்டோரல் நெட்வொர்க் (பிஎச்டி) இடங்களுக்கு ஒரு விதி உண்டு: வேலையில் சேரும் தேதிக்கு முந்தைய 36 மாதங்களில், அந்த நாட்டில் 12 மாதத்துக்கு மேல் வசித்தோ வேலை பார்த்தோ படித்தோ இருக்கக் கூடாது. ஜெர்மனியில் இப்போதுதான் மாஸ்டர்ஸ் முடித்தவர் ஜெர்மனியில் உள்ள இடத்துக்குப் போட்டால் தகுதியே இருக்காது, பக்கத்து பிரான்ஸில் உள்ள இடத்துக்குத் தாராளமாகப் போடலாம்.

சரி, மெயிலுக்கு வருவோம். "மதிப்பிற்குரிய ஐயா, உங்கள் ஆராய்ச்சியில் எனக்கு மிகுந்த ஆர்வம் உண்டு, வாய்ப்பு இருந்தால் தெரிவிக்கவும்" என்று ஒரே மெயிலை நூறு பேருக்கு அனுப்புவதால் பயனே இல்லை. பெறுபவர் பெண்ணாக இருந்து "ஐயா" என்று போயிருந்தால் அதோடு முடிந்தது. அவருடைய சமீபத்திய கட்டுரை ஒன்றைப் படித்துவிட்டு, "நீங்கள் பயன்படுத்திய முறை சிறிய தரவுகளில் தடுமாறுவதாக எழுதியிருக்கிறீர்கள், என் மாஸ்டர்ஸ் ஆய்வில் இதே சிக்கலை இப்படி அணுகினேன்" என்று இரண்டு வரி எழுதிப் பாருங்கள். கூடவே எப்போது சேர முடியும், எந்த நிதிக்கு விண்ணப்பிக்க நினைக்கிறீர்கள் என்று ஒரு வரி, சிவி ஒன்று. போதும். இரண்டு வாரம் பதில் இல்லையென்றால் ஒரே ஒரு நினைவூட்டல், அதற்கு மேல் வேண்டாம்.

போஸ்ட்டாக், அதாவது பிஎச்டி முடித்தபின் செய்யும் ஆய்வுப் பணி, தேடுபவர்கள் செய்யும் பெரிய தவறு, தீசிஸ் சமர்ப்பித்த பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று இருப்பது. மேரி கியூரி போஸ்ட்டாக் ஃபெலோஷிப்புக்கு வழக்கமாகச் செப்டம்பரில் கெடு, முடிவு அடுத்த ஆண்டு தொடக்கத்தில்தான் வரும். அழைக்கும் பேராசிரியரோடு சேர்ந்து திட்டம் எழுத வேண்டும் என்பதால் ஏப்ரல், மே மாதத்திலேயே பேச்சைத் தொடங்குவது நல்லது. அரைகுறையாக எழுதிப் போட்டுப் பார்ப்போம் என்ற எண்ணமும் ஆபத்து: குறிப்பிட்ட மதிப்பெண்ணுக்குக் கீழே போனால் அடுத்த ஆண்டு அதே நிறுவனத்தோடு மறுபடி விண்ணப்பிக்க முடியாது. பிஎச்டி முடித்த நாளிலிருந்தும் ஒரு காலக்கெடு ஓடுகிறது. ஜெர்மனியின் ஹம்போல்ட் அறக்கட்டளை தரும் போஸ்ட்டாக்குக்குப் பிஎச்டி முடிந்து 4 ஆண்டுக்குள், ஜப்பானின் ஆய்வு நிதி அமைப்பான ஜேஎஸ்பிஎஸ்ஸின் ஃபெலோஷிப்புக்கு 6 ஆண்டுக்குள் என்று வரம்பு இருக்கிறது. ஜேஎஸ்பிஎஸ்ஸுக்கு நீங்கள் நேரடியாக விண்ணப்பிப்பதில்லை, பெரும்பாலும் உங்களை அழைக்கும் ஜப்பானிய ஆய்வாளர்தான் தன் நிறுவனம் வழியாகப் போடுவார், அதனால் அவர் கிடைக்காமல் எதுவும் நகராது.

பரிந்துரைக் கடிதத்தைக் கடைசி வாரத்தில் கேட்காதீர்கள், ஒரு மாதமாவது அவகாசம் கொடுங்கள். இடம் வாங்கித் தருகிறேன் என்று பணம் கேட்பவரிடம் பேச்சையே வளர்க்க வேண்டாம். பல்கலைக்கழகம் தானே வாங்கும் விண்ணப்பக் கட்டணம் வேறு, அதற்கும் சலுகை கேட்டால் தரும் துறைகள் உண்டு.

இடம் கிடைத்த பிறகும் ஒரு வேலை பாக்கி. அந்த லேபில் இப்போது இருக்கும் மாணவர்கள் இரண்டு பேரிடம் தனியாகப் பேசுங்கள். பிஎச்டி முடிக்க எத்தனை வருடம் ஆகிறது, நெறியாளர் எத்தனை நாளுக்கு ஒருமுறை சந்திக்கிறார், நடுவில் விட்டுப் போனவர்கள் உண்டா என்று கேளுங்கள். நேராகப் பதில் வராவிட்டால், கையெழுத்துப் போடும் முன் பழைய மாணவர் ஒருவரையும் தேடிப் பிடித்துக் கேட்டுவிடுங்கள்.