ஐம்பதுக்கு மேல் காதல்: படத்தில் பார்த்துச் சிரித்துவிட்டு நாமும் செய்யும் தவறுகள்

மலையாளத்தில் 2011-இல் வந்த ‘சால்ட் அண்ட் பெப்பர்’ படத்தை எத்தனை முறை பார்த்தாலும் ஓர் இடத்தில் எனக்கு மனசைப் பிசையும். தோசைக்கு ஆர்டர் சொல்ல மாயா போட்ட போன், தவறிப்போய் காளிதாசனுக்குப் போகிறது. முதலில் சண்டை. பிறகு சாப்பாட்டுப் பேச்சு. போனில் பேசிக்கொண்டே ஆளுக்கொரு கேக் செய்து பார்க்கும் அளவுக்கு நெருக்கம். இரண்டு பேருமே கல்யாண வயசு தாண்டிவிட்டது என்று ஊர் ஒதுக்கி வைத்தவர்கள்.

நேரில் பார்க்கலாம் என்று நாள் குறித்ததும் இருவருக்கும் ஒரே உதறல்: என் முகத்தைப் பார்த்தால் பிடிக்காமல் போய்விடுமோ? அவர் தனக்குப் பதிலாக ஓர் இளைஞனை அனுப்புகிறார், அவள் தனக்குப் பதிலாக ஓர் இளம்பெண்ணை அனுப்புகிறாள். வந்தவர்கள் இருவரும் எதிரில் இருப்பவரைப் பார்த்து, இந்தப் பொருத்தம் சரிவராது என்று தாங்களே முடிவுகட்டி வீட்டில் ஒன்றைச் சொல்லி வைக்கிறார்கள். நன்றாகப் போய்க்கொண்டிருந்த உறவு அங்கே அறுந்துவிடுகிறது. பிரகாஷ்ராஜ் 2014-இல் இதையே தமிழில் ‘உன் சமையலறையில்’ என்று எடுத்து, சினேகாவுடன் தானே நடித்தார்.

வாலிபக் காதல் படங்களில் வில்லன் வெளியே இருப்பான். அப்பாவாக வருவான், சாதியாக வருவான். வயசான பிறகு வரும் காதலைச் சொல்லும் நகைச்சுவைப் படங்களில் பெரும்பாலும் வில்லன் அவர்களுடைய கூச்சம்தான். எதையாவது மறைப்பார்கள், அது வெடிக்கும், நாம் சிரிப்போம். ஐம்பதுக்கு மேல் துணை தேடும் யாரும் இந்தப் படங்களைக் கொஞ்சம் நிதானமாகப் பார்த்தால் போதும், எங்கெல்லாம் சறுக்கும் என்று தெரிந்துவிடும்.

ஆள் மாறாட்டம் நிஜத்தில் எங்கே நடக்கிறது என்று கேட்கலாம். பழைய போட்டோ போடுவதும் ஆள் மாறாட்டம்தான். சித்தப்பா தவறி ஆறு வருஷம் கழித்து, பிள்ளைகளே வற்புறுத்தி என் சித்தியைத் திருமண இணையதளம் ஒன்றில் பதிய வைத்தார்கள். மகன் ஏற்றிய படம் என் கல்யாணத்தில் எடுத்தது, பன்னிரண்டு வருஷப் பழசு. முதல் சந்திப்புக்கு ஒரு ஓட்டலில் உட்கார்ந்திருந்தாள். வந்த மனிதர் அவளைப் பார்த்தும் அடையாளம் தெரியாமல் இரண்டு மேசை தாண்டிப் போய்த் தேடிவிட்டுத் திரும்பி வந்தார். நல்ல மனிதர், ஒன்றும் தப்பாகப் பேசவில்லை. ஆனாலும் “அந்த ரெண்டு மேசை தூரம்தான்டி எனக்குத் தாங்கல” என்றாள் என்னிடம். அன்று ராத்திரியே புதுப் படம் எடுத்தோம். அடுக்களை வாசல், மூக்குக்கண்ணாடி, நரைத்த வகிடு, கையில் பாதி ஆய்ந்த கொத்தமல்லிக் கட்டு. தயவுசெய்து இந்த வருஷத்துப் போட்டோ போடுங்கள். வயசைக் குறைத்துச் சொல்லாதீர்கள்.

உடம்பை மறைப்பதும் இதே வகைதான். நான்சி மேயர்ஸ் எழுதி இயக்கிய ‘சம்திங்ஸ் காட்டா கிவ்’ (2003) படத்தில் ஜாக் நிக்கல்சனுக்கு 63 வயது, முப்பதைத் தாண்டாத பெண்களோடு மட்டுமே பழகுகிறவர். மாரடைப்பு வந்து, தன் இளம் தோழியின் அம்மா டயான் கீட்டன் வீட்டிலேயே தங்க வேண்டியதாகிவிடுகிறது. கழுத்தை மூடிய சட்டைக்குள்ளேயே வாழ்கிறவள் அந்த அம்மா. இருவரும் முதன்முதலாக நெருங்கும் இரவில் அந்தச் சட்டையைக் கத்தரிக்கோலால் வெட்டுகிறார்கள், நடுவில் ரத்த அழுத்தமும் பார்த்துக்கொள்கிறார்கள். தியேட்டர் சிரித்த காட்சி அது. எனக்கு அதைவிட அந்தரங்கமான காதல் காட்சி நினைவில் இல்லை. எனக்கு என்ன வியாதி, என்ன மாத்திரை சாப்பிடுகிறேன் என்பதை எதிரில் இருப்பவர் தெரிந்துகொள்ள விடுவது எவ்வளவு பெரிய நம்பிக்கை! சர்க்கரை, பிரஷர், அறுவை சிகிச்சை எதுவானாலும் இரண்டாம் மூன்றாம் சந்திப்பிலேயே சொல்லிவிடுங்கள். இதே படத்தில் கியானு ரீவ்ஸ் நடித்த இளம் டாக்டர் அவளை அவளுக்காகவே விரும்புகிறார், கடைசியில் அவள் அவரை விட்டு நிக்கல்சனிடம் போகிறாள். எனக்கு அந்த முடிவில் இன்றைக்கும் சம்மதமில்லை. ஆண் தன்னைவிட முப்பது வயது இளையவளைத் தேடலாம், பெண்ணுக்கு இளையவன் வந்தால் கூச வேண்டும் என்ற பழக்கத்தைப் படம் முழுக்கக் கேள்வி கேட்டுவிட்டு, முடிவில் விட்டுக்கொடுத்துவிட்டது.

அந்த முடிவில் நிக்கல்சன் பாரிசுக்குப் பறந்து போய் அவள் முன்னால் நிற்பார். படத்தில் அழகு. நிஜத்தில், தனியாக இருக்கும் ஒரு பெண்ணின் வாசலில் சொல்லாமல் போய் நிற்பது அவளைப் பயமுறுத்தும். போன் செய்து, வரலாமா என்று கேட்டுவிட்டுப் போங்கள். வீடியோ காலில் முகம் காட்ட மறுத்துக்கொண்டே, அவசரத்துக்குப் பணம் அனுப்பச் சொல்லும் ஆளிடம் பேச்சை அன்றைக்கே நிறுத்துங்கள்.

அடுத்தது எல்லோரும் செய்வது, தவறென்றே தோன்றாதது: முதல் துணையின் வாயால் ஆளை எடைபோடுவது. நிகோல் ஹோலோஃப்செனரின் ‘எனஃப் செட்’ (2013) முழுப் படமும் இதுதான். மசாஜ் தொழில் செய்யும் ஈவாவுக்கு ஆல்பர்ட்டைப் பிடித்திருக்கிறது. அதே நேரத்தில் புதிதாகக் கிடைத்த ஒரு தோழி, தன் முன்னாள் கணவனைப் பற்றிப் புலம்புகிறாள். அவன் சாப்பிடும்போது வெங்காயத்தை ஒதுக்கி ஒதுக்கி வைப்பானாம். அந்தக் கணவன் ஆல்பர்ட்தான் என்று தெரிந்த பிறகும் ஈவா வாயைத் திறக்காமல் கேட்டுக்கொண்டே இருக்கிறாள். கொஞ்ச நாளில் தட்டின் ஓரத்தில் சேரும் வெங்காயம் அவளுக்கும் எரிச்சலாகிவிடுகிறது. அதுவரை கண்ணில் படாத விஷயம்! ஆல்பர்ட்டாக நடித்த ஜேம்ஸ் கண்டோல்ஃபினி படம் வெளிவரும் முன்பே காலமாகிவிட்டார். உண்மை தெரிந்து அவர் உடைந்து நிற்கும் இடத்தை அதனாலேயே இன்னும் கனத்தோடு பார்க்கிறோம். அடித்தாரா, குடித்தாரா, கடன் வைத்தாரா என்பதைக் கட்டாயம் விசாரிக்க வேண்டும். மற்றபடி இன்னொருத்தியின் இருபது வருஷ அலுப்பைக் கடன் வாங்காதீர்கள்.

பழைய ஆளிடமே திரும்பிப் போகும் ஆசையும் உண்டு. ‘இட்ஸ் காம்ப்ளிகேட்டட்’ (2009) படத்தில் மெரில் ஸ்ட்ரீப், விவாகரத்தாகிப் பத்து வருஷம் கழித்து, வேறொருத்தியை மணந்துவிட்ட தன் முன்னாள் கணவனோடு ரகசியமாகப் பழகுவாள். தெரிந்த மனுஷன், புதிதாக எதையும் விளக்க வேண்டாம், அந்தச் சுகம். அடிபடுவது வளர்ந்த பிள்ளைகள். அப்பா அம்மா பிரிந்ததை ஒருவழியாக விழுங்கியிருந்தவர்களுக்கு அது மறுபடி கிளறப்படுகிறது. தனுஷ் இயக்கிய ‘ப.பாண்டி’யில் (2017) ராஜ்கிரண் வீட்டில் சொல்லாமல் பைக்கில் கிளம்பிவிடுவார். முதல் காதலி ரேவதியை முகநூலில் தேடிப் பிடிப்பது அத்தனை இனிமை. ஆனால் வீட்டில் மகன் தவித்துக்கொண்டிருக்கிறான். அவளுக்கும் இடையில் ஒரு முழு வாழ்க்கை ஓடியிருக்கிறது. இருபது வயசில் தெரிந்தவரை அறுபதில் தேடிப் போனால், புது மனிதரைச் சந்திக்கப் போகிறோம் என்ற நினைப்போடு போங்கள்.

பிள்ளைகளிடம் எப்போது சொல்வது என்பதுதான் எல்லாவற்றிலும் கஷ்டம். பால்கியின் ‘சீனி கம்’ (2007) படத்தில், இளையராஜாவின் ‘மன்றம் வந்த’ மெட்டு இந்தியில் ஒலிக்க, 64 வயது அமிதாப் 34 வயது தபுவைக் காதலிப்பார். பெண்ணின் அப்பாவுக்கு வயது 58. மாப்பிள்ளை தன்னைவிட மூத்தவர் என்று தெரிந்ததும் அப்பா உண்ணாவிரதம் உட்கார்ந்துவிடுவார். நம் வீடுகளில் உண்ணாவிரதம் இருப்பது பெரும்பாலும் மகனும் மருமகளும்.

அவர்களுடைய கோபத்துக்கு அடியில் பாதி நேரம் சொத்துக் கவலை இருக்கும். அதைக் கேவலமாக நினைக்காதீர்கள், நேராகப் பேசுங்கள். நான் சொன்ன எந்தப் படமும் இந்தப் பேச்சைக் கடைசிவரை நடத்திக் காட்டவில்லை. உயில் எழுதாமல் ஓர் இந்து ஆண் இறந்தால், இந்து வாரிசுரிமைச் சட்டப்படி (1956) மனைவியும் பிள்ளைகளும் தாயும் முதல் வகுப்பு வாரிசுகள். புதிதாக வந்த மனைவிக்கும் பங்கு உண்டு. அதனால் கல்யாணத்துக்கு முன்பே உயிலை எழுதி, வீடு யாருக்கு, கடைசிவரை அவள் எங்கே இருப்பாள் என்று தெளிவாக்குங்கள். வங்கிக் கணக்கு, காப்பீடு நாமினியைப் பாருங்கள். குடும்ப ஓய்வூதியம் வாங்கும் பெண்கள், மறுமணம் செய்தால் அது தொடருமா நிற்குமா என்பதைத் துறை அலுவலகத்தில் கேட்டுத் தெரிந்துகொண்ட பிறகே தேதி பாருங்கள்.

சிறப்புத் திருமணச் சட்டத்தில் (1954) பதிவு செய்வதானால் 30 நாள் முன்னறிவிப்பு உண்டு. உங்கள் இருவர் பெயரும் பதிவு அலுவலகத்தில் எல்லோர் கண்ணிலும் படும்படி ஒட்டப்படும். அதை யாரோ தெரிந்தவர் பார்த்துப் போன் செய்வதற்கு முன்னால், ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் சாப்பாடு முடிந்ததும், பிள்ளைகளை உட்கார வைத்து நீங்களே சொல்லிவிடுங்கள்.