நுண்துளைத் தங்கம் செய்யும்போது நேரும் தவறுகள்

பெங்களூரு நகரத்பேட்டையில் நகைக்குத் தரம் பார்க்கும் ஒரு சிறு கூடத்தில்தான் இந்த வேலையை முதன்முதலில் கண்ணால் பார்த்தேன். தங்கத்தோடு இரண்டரை மடங்கு வெள்ளி சேர்த்து உருக்கி, தகடாக்கி, சுருட்டி, சூடான நைட்ரிக் அமிலத்தில் போட்டார்கள். வெள்ளி கரைந்துபோனது. மிஞ்சிய சுருளைத் தங்கம் என்று யாரும் நம்பமாட்டார்கள். காப்பித்தூள் நிறம், தொட்டால் உதிர்ந்துவிடும் போலிருந்தது. அதையே சிவக்கக் காய்ச்சியதும் சுருங்கி, இறுகி, மஞ்சளாகிவிட்டது. "என்ன தம்பி, இதைப் போய் இப்படிப் பார்க்கிறீர்கள்?" என்று சிரித்தார் அங்கிருந்த பெரியவர். அவருக்கு அது அன்றாட வேலை. எங்கள் ஆய்வகத்துக்கு நுண்துளைத் தங்கம், அதாவது இப்படி வெள்ளியைக் கரைத்தெடுத்து உள்ளெல்லாம் நுண்ணிய துளைகளான தங்கம், செய்ய வரும் மாணவர்களின் தவறுகளில் பாதி, அந்த நிறம் ஏன் மாறியது என்று யோசித்திருந்தால் நேராது.

முதல் தவறு மனத்தில் நடப்பது. வெள்ளி இருந்த இடம்தான் துளை என்று நினைத்துக்கொள்கிறார்கள். அப்படியானால் துளை ஒரு அணுவின் அளவுக்குத்தான் இருக்க வேண்டும். அமிலமும் மேல்பரப்போடு நின்றுவிடும். வெள்ளி விலகியதும் பிடிமானம் இழந்த தங்க அணுக்கள் பரப்பில் அலைந்து, ஒன்றோடொன்று சேர்ந்து திட்டுகளாகின்றன. அதனால் அடியிலுள்ள வெள்ளி அமிலத்துக்கு வெளிப்படுகிறது. இப்படியே உள்ளே இறங்கித்தான் சில நானோமீட்டர் முதல் சில பத்து நானோமீட்டர் வரையிலான துளைகள் உருவாகின்றன. 2001-இல் ஆய்வாளர் எர்லபாகரின் குழுவினர் 'நேச்சர்' அறிவியல் இதழில் விளக்கியது இதைத்தான். மிஞ்சும் உலோகம் அசையாமல் நிற்பதில்லை.

இரண்டாவது, எடைக் கணக்கையும் அணுக் கணக்கையும் குழப்பிக்கொள்வது. வெள்ளி அணுக்கள் நூற்றுக்கு ஏறத்தாழ 55-க்குக் குறைந்தால் அமிலம் உள்ளே போகாது. தங்க அணு வெள்ளி அணுவைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு கனம். ஆகவே எடையில் பாதிக்குப் பாதியான 12 காரட் கலவையில் வெள்ளி அணுக்கள் 65 சதவீதம், வேலை நடக்கும். மற்றதெல்லாம் வெள்ளியேயான 18 காரட் கலவையில் 38 சதவீதம்தான். நாள் முழுக்க அமிலத்தில் கிடந்தாலும் ஒன்றும் ஆகாது. வெள்ளியை அளவுக்கு மீறிச் சேர்த்தாலோ தகடு தூளாகிவிடும்.

கழுவுவதில்தான் நான் கையைச் சுட்டுக்கொண்டேன். முதல் தகட்டை அவசரத்தில் குழாய்த் தண்ணீரில் முக்கினேன். பீக்கர் மோர் ஊற்றியது போல் வெளுத்தது. துளைகளுக்குள் தங்கியிருந்த வெள்ளி நைட்ரேட், தண்ணீரிலிருந்த குளோரைடோடு சேர்ந்து வெள்ளி குளோரைடாகப் படிந்துவிட்டது. அது துளைகளை அடைத்துக்கொள்ளும், எளிதில் போகாது. போதாததற்கு, குளோரைடு தங்க அணுக்களின் ஓட்டத்தை வேகப்படுத்தித் துளைகளைப் பெரிதாக்கும். அயனி நீக்கிய நீர் தவிர வேறெதுவும் வேண்டாம்.

'இன்னும் கொஞ்சம் ஊறட்டும்' என்று இரவு முழுக்க அமிலத்தில் விட்டுப்போவதும் இதே வகைதான். வெள்ளி தீர்ந்த பிறகும் துளைகள் பெருத்துக்கொண்டே போகும். சூடு பட்டால் கேட்கவே வேண்டாம். நகரத்பேட்டைச் சுருள் மஞ்சளானது துளைகள் அடைபட்டு இறுகியதால்தான். உலர்த்துவதற்கு அடுப்பில் வைக்கிறவர்கள் இதை நினைத்துக்கொள்ளட்டும்.

இதே போல ஒரு உலோகத்தைக் கரைத்தெடுத்துச் செய்யும் நுண்துளை நிக்கலுக்கு ரேனி நிக்கல் என்று பெயர். அதைச் செய்பவர்களுக்குத் தனியாக ஒன்று சொல்ல வேண்டும். நிக்கல்-அலுமினியக் கலவையை சோடியம் ஹைட்ராக்சைடில் போட்டால் அலுமினியம் கரையும், ஹைட்ரஜன் பொங்கி வரும். பக்கத்தில் தீப்பொறி ஆகாது. மிஞ்சும் கரிய தூளை எடை பார்க்கலாமே என்று உலர விட்டால் காற்றுப் பட்டதும் தானே தீப்பற்றும். எப்போதும் தண்ணீருக்கடியில்தான் இருக்க வேண்டும். வடிதாளில் ஒட்டிய மிச்சத்தைக் குப்பைக்கூடையில் போடுவது இன்னும் மோசம்.

கடைசியாக, தங்க வேலையில் மிஞ்சும் அமிலக் கரைசலைக் கழுவுதொட்டியில் கொட்டுவது. அதில் இருப்பது வெள்ளி, சாக்கடைக்கு விஷம். நகரத்பேட்டையில் ஒரு சொட்டும் வீணாகாது: செம்புத் தகட்டைக் கரைசலுக்குள் நிறுத்துகிறார்கள், வெள்ளி சாம்பல் நிறப் பஞ்சாக அதன்மேல் படிகிறது, சுரண்டி எடுத்து உருக்குகிறார்கள்.