அமெரிக்காவுல எம்எஸ் படிக்கும்போது அகாடமிக் ப்ரொபேஷன் மெயில் வந்தா என்ன பண்ணணும்

முதல் செமஸ்டர் கிரேடு டிசம்பர்ல வரும், கொஞ்ச நாள் கழிச்சு "நீங்க அகாடமிக் ப்ரொபேஷன்ல இருக்கீங்க"னு ஒரு மெயில் வந்தா கை கால் உதறிடும். எனக்கு வந்துச்சு, ரெண்டு நாள் சாப்பாடு இறங்கல, யார்கிட்டயும் சொல்லவும் முடியல, அதனாலதான் இத எழுதுறேன்.

மொதல்ல ஒண்ணு தெரிஞ்சுக்கோங்க, ப்ரொபேஷன்னா காலேஜ விட்டு தூக்கிட்டாங்கனு அர்த்தம் கிடையாது, விசாவும் போகல. ஃபுல் டைமா கோர்ஸ் எடுத்து ஒழுங்கா படிச்சிட்டு இருக்குற வரைக்கும் எஃப்-1 (ஸ்டூடண்ட் விசா) ஸ்டேட்டஸ் அப்படியேதான் இருக்கும். உங்க ஜிபிஏ (எல்லா கோர்ஸ் கிரேடோட சராசரி, 4.0க்கு) 3.0க்கு கீழ போயிடுச்சு, குடுத்த டைமுக்குள்ள மேல கொண்டு வாங்கங்கறதுதான் மேட்டர். பேச்சிலர்ஸ் பசங்களுக்கு பொதுவா 2.0, மாஸ்டர்ஸ்க்கு 3.0.

நம்ம பசங்க ஏமாறுற இடமே இதுதான். ஊர்ல ஒரு பேப்பர் பாஸ் பண்ணிட்டா அது முடிஞ்ச கதை, அரியர் இல்லனா நிம்மதி. இங்க சி வாங்கினா நெறைய டிபார்ட்மெண்ட்ல கோர்ஸ் பாஸ்தான், ஆனா அதுக்கு 2.0தான், மொத்த சராசரியையும் புடிச்சு கீழ இழுக்கும்.

மெயில முழுசா படிங்க, பயத்துல பாதில மூடிடாதீங்க. எந்த செமஸ்டருக்குள்ள 3.0 வரணும், அட்வைசர பாக்கணுமா, டிஏ ஆர்ஏ வேலைக்கு (ப்ரொஃபசருக்கு பாடத்துலயோ ஆராய்ச்சியிலயோ உதவுற காலேஜ் வேலை) பிரச்சன வருமா, இது மூணும் தெரியணும். யூனிவர்சிட்டி ரூல் ஒண்ணு இருக்கும், டிபார்ட்மெண்ட் ஹேண்ட்புக்ல அதவிட கடுமையா இன்னொண்ணு இருக்கும், ரெண்டையும் பாருங்க.

அடுத்து பேப்பர் எடுத்து கணக்கு போடுங்க. மூணு கோர்ஸ், தலா 3 கிரெடிட், பி, பி மைனஸ், சி ப்ளஸ் வாங்கியிருக்கீங்கனு வைங்க. 3.0, 2.7, 2.3, கூட்டினா 8.0, மூணால வகுத்தா 2.67. அடுத்த செமஸ்டரும் மூணு கோர்ஸ்னா ஆறு கோர்ஸுக்கு மொத்தம் 18 வேணும், அப்போ இந்த மூணுல மட்டும் 10.0 வரணும். மூணுலயும் பி ப்ளஸ் வாங்கினா கூட 9.9தான், 2.98ல நின்னுடும்! ஒரு ஏ மைனஸ், ஒரு பி ப்ளஸ், ஒரு பி வந்தா சரியா 3.0. இந்தக் கணக்க ஜனவரிலயே போட்டாதான் எந்த கோர்ஸ்ல ஏ அடிக்க முடியும்னு பாத்து எடுக்க முடியும், ஏப்ரல்ல போட்டு பிரயோஜனம் இல்ல. சி வந்த கோர்ஸ திரும்ப எடுத்தா பழைய கிரேடு போகுமா இல்ல ரெண்டும் சேந்து எண்ணுவாங்களானு கேட்டுக்கோங்க, காலேஜுக்கு காலேஜ் மாறும்.

கஷ்டமா இருக்குனு தானா ஒரு கோர்ஸ ட்ராப் மட்டும் பண்ணிடாதீங்க, தயவு செஞ்சு. டபிள்யூ கிரேடு (கோர்ஸ பாதில விட்டா போடுறது) ஜிபிஏவ தொடாது, ஆனா ஃபுல் டைம் கிரெடிட்டுக்கு கீழ போனா (மாஸ்டர்ஸ்க்கு பெரும்பாலும் 9) ஸ்டேட்டஸே போயிடும், ஜிபிஏ பிரச்சனைய விசா பிரச்சனையா நீங்களே மாத்திக்கிட்ட மாதிரி ஆயிடும். மொதல்ல இன்டர்நேஷனல் ஆஃபீஸ்ல டிஎஸ்ஓவ (வெளிநாட்டு பசங்களோட விசா ஸ்டேட்டஸ பாத்துக்கற காலேஜ் அதிகாரி) பாருங்க. இங்கத்த பாடமுறை பழகல, இங்கிலீஷ்ல படிக்க சிரமம், தப்பான லெவல் கோர்ஸ்ல உக்காந்துட்டேன், இந்த மாதிரி ஆரம்ப கால காரணம்னா கோர்ஸ கொறைக்க அனுமதி குடுக்கலாம், ஒரு டிகிரி லெவலுக்கு ஒரே ஒரு தடவதான், அப்பவும் பாதி கிரெடிட்டாவது எடுக்கணும். உடம்பு சரியில்லனா அது தனி வழி, டாக்டர் லெட்டர் வேணும், லைசென்ஸ் உள்ள கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட் லெட்டரும் செல்லும், மொத்தம் 12 மாசம் வரைக்கும் கிடைக்கும். மனசு ஒடஞ்சு தூங்காம இருக்கறவங்க இந்தக் கதவு இருக்குனு தெரியாமலே ஃபெயில் ஆகுறாங்க, அதுதான் எனக்கு ரொம்ப வருத்தம்.

அட்வைசர் மீட்டிங்குக்கு வெறுங்கையோட போகாதீங்க, அந்தக் கணக்கு பேப்பர எடுத்துட்டு போய் "அடுத்த செமஸ்டர் இந்த மூணு கோர்ஸ், இந்த கிரேடு வேணும், சரியா வருமா"னு கேளுங்க. ப்ரொஃபசரோட ஆஃபீஸ் அவர்ஸுக்கு ரெண்டாவது வாரத்துலருந்தே போங்க, ஊர்ல சார் ரூம் வாசல்ல நிக்கறதுக்கே பயந்த பழக்கம் நம்மள இங்கயும் தடுக்கும், ஆனா இங்க அந்த நேரமே நமக்காக ஒதுக்கினதுதான். டைம் பத்தலனு சீனியரோட பழைய அசைன்மெண்ட்ட எடுத்து போட்டுடாதீங்க, மாட்டினா அது கிரேடு விஷயமே இல்ல, ஒழுங்கு நடவடிக்கை.

வீட்டுக்கு மெயில் போயிடுமோனு பயம் வேணாம், உங்க சம்மதம் இல்லாம பொதுவா பெத்தவங்களுக்கு கிரேடு சொல்ல மாட்டாங்க. ஆனா லோன் கையெழுத்து அப்பா போட்டிருந்தா நீங்களே சொல்லிடுங்க, நான் மூணு மாசம் மறைச்சேன், படிப்ப விட அந்த மறைக்கறதுதான் பாரமா இருந்துச்சு.

அதையும் மீறி டிஸ்மிஸல் லெட்டர் வந்தா அன்னைக்கே ரெண்டு வேலை. ஒண்ணு, டிஎஸ்ஓவ பாத்து செவிஸ் ரெக்கார்ட (வெளிநாட்டு மாணவர்கள பத்தி அமெரிக்க அரசு வச்சிருக்கற ஆன்லைன் பதிவு) மூடுறதுக்கு முன்னாடி வேற காலேஜுக்கு ட்ரான்ஸ்ஃபர் பண்ண வழி இருக்கானு கேக்கணும், படிப்பு முடிச்சவங்களுக்கு கிடைக்கிற 60 நாள் இதுக்கு கிடையாது. ரெண்டு, அப்பீல் லெட்டர், அதுக்கு கெடு ரொம்ப கம்மியா இருக்கும். அதுல கெஞ்ச வேணாம், என்ன நடந்துச்சு, அதுக்கு ஆதாரம் என்ன, இப்ப என்ன மாறியிருக்கு, எந்த செமஸ்டர்ல எந்த கோர்ஸ் எடுத்து எத்தன பாயிண்ட் ஏத்துவீங்க, ஒரு பக்கத்துல எழுதி, அட்வைசர்கிட்ட ஒரு தடவ படிக்கக் குடுத்துட்டு அனுப்புங்க.