தழைப் பொருக்கு போட்ட முழு மாட்டுக்கறி ரோஸ்ட்: பொருக்கு கழன்று விழாமல் செய்வது எப்படி

அப்பா அம்மாவுக்குப் போன மே மாதம் 40ஆவது திருமண நாள். வீட்டிலேயே ஸ்தோத்திரக் கூட்டம், அது முடிந்ததும் சாப்பாடு, மொத்தம் 12 பேர். பிரியாணி இல்லாமல் வேலூரில் விசேஷம் ஏது, அதற்கு ஆம்பூரிலிருந்து மாஸ்டருக்குச் சொல்லியாகிவிட்டது. கூடவே நடுமேசையில் வைத்து அறுத்துப் பரிமாற ஒரு முழு ரோஸ்ட் நான் செய்கிறேன் என்று வாயை விட்டுவிட்டேன். அதற்கு முந்தைய கிறிஸ்துமஸில் இதே ரோஸ்ட்டைச் செய்து அசிங்கப்பட்டிருந்தேன், அந்தக் கணக்கைத் தீர்க்க வேண்டியிருந்தது. அன்று கத்தியை வைத்த உடனே மேலே இருந்த தழை மொத்தமும் ஈரப் போர்வை மாதிரி சரிந்து தட்டில் விழுந்தது. "சட்னி தனியா, கறி தனியா வெச்சிருக்கலாமே தம்பி" என்றார் பெரியம்மா.

இந்த முறை விழவில்லை. எப்படி என்று எழுதி வைக்கிறேன். ஹெர்ப் என்பதை மூலிகை என்று எழுதினால் நாட்டு மருந்துக்கடை வாசனை வருகிறது, அதனால் தழை என்றே சொல்கிறேன். பொருக்கு என்பது கறியின் மேல் மொறுமொறுப்பாகப் படியும் அடுக்கு, ஆங்கிலத்தில் க்ரஸ்ட்.

கறி

அண்டர்கட் வாங்குங்கள். முதுகெலும்புக்கு உள்பக்கம் ஓடும் நீளமான தசை அது. மாடு நடக்கவும் இழுக்கவும் அதிகம் வேலை வைக்காத இடம் என்பதால் எவ்வளவு வயதான மாட்டிலும் அது மட்டும் மெத்தென்று இருக்கும். வெளிநாட்டுச் செய்முறைகளில் வேறு வேறு பகுதிகள் சொல்வார்கள், அதெல்லாம் கொழுப்பு ஓடிய இளம் மாட்டுக்கு. நம்மூரில் வெட்டுக்கு வருவது பெரும்பாலும் உழைத்த மாடு, அல்லது எருமை. அதே பகுதியை இங்கே வாங்கி அதே நேரம் ஓவனில் வைத்தால் செருப்புத் தோல்தான் மிஞ்சும்.

கடையில் ஒரு நாள் முன்னதாகவே சொல்லி வைக்க வேண்டும், இல்லாவிட்டால் பழக்கத்தில் துண்டு போட்டுவிடுவார்கள். "பாய், அண்டர்கட் முழுசா வேணும், கத்தி வைக்காதீங்க" என்றேன். "முழுசா எடுத்துட்டுப் போய் என்ன பண்ணுவீங்க?" என்று சந்தேகமாகப் பார்த்தார், ஆனால் மேலே ஒட்டியிருக்கும் வெள்ளிச் சவ்வை அவரே உரித்துக் கொடுத்தார். அந்தச் சவ்வு வேகும்போது சுருங்கி கறியை வளைத்துவிடும், கட்டாயம் எடுக்கச் சொல்லுங்கள். எனக்குக் கிடைத்தது சுத்தம் செய்த பிறகு 1.3 கிலோ. பிரியாணி பக்கத்தில் இருக்கும்போது 12 பேருக்கு இது போதும்.

முதல் நாள் இரவு: உப்பு

1.3 கிலோவுக்கு 15 கிராம் உப்பு, அதாவது தூள் உப்பில் தோராயமாக இரண்டரை டீஸ்பூன். எல்லாப் பக்கமும் தேய்த்து, கம்பித் தட்டின் மேல் வைத்து, மூடாமல் ஃப்ரிட்ஜில் ஓர் இரவு. மூடாமல் என்பது முக்கியம், மேல்தோல் காய வேண்டும். ஃப்ரிட்ஜின் அடித்தட்டில் வையுங்கள், சொட்டினால் வேறு எதன் மேலும் விழாது.

அம்மா மஞ்சள் போட்டுக் கழுவாத கறியை வீட்டுக்குள் விடமாட்டார். சரி, கழுவட்டும், ஆனால் கழுவிய பிறகு பழைய வேட்டித் துணியால் ஒற்றி ஒற்றி எடுத்துவிட்டு அப்புறம் உப்பு.

ஒரு முனை வால் மாதிரி மெலிந்திருக்கும். அதை உள்பக்கம் மடித்து, இரண்டு விரல் இடைவெளி விட்டு நூலால் கட்டினால் முழுக்க ஒரே பருமனாக இருக்கும், ஒரே சீராக வேகும். அதற்கென்று தனி நூல் விற்கிறார்கள், தேவையில்லை, பூக்கட்டும் வெள்ளைப் பருத்தி நூல் போதும். நைலான் கலந்ததா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள், அது உருகிவிடும்.

பொருக்கு

நான் விழுந்து எழுந்த இடம் இதுதான், அதனால் கொஞ்சம் நீட்டித்தான் சொல்வேன்.

கிறிஸ்துமஸில் செய்தது என்னவென்றால், கொத்தமல்லி, புதினா, பூண்டு, எண்ணெய் எல்லாவற்றையும் மிக்ஸியில் போட்டு அரைத்து, பச்சைக் கறியின் மேல் தடவி, அப்படியே ஓவனில் வைத்தேன். அரைத்த தழையில் தண்ணீர், பச்சைக் கறியின் மேலும் தண்ணீர். ஓவனில் அந்தத் தண்ணீர் ஆவியாகி கறிக்கும் தழைக்கும் நடுவில் நின்றது. பொருக்கு ஆகவில்லை, இட்லி மாதிரி அவிந்தது. பற்றாக்குறைக்கு எங்கள் வீட்டுக் கற்பூரவல்லியையும் பறித்துப் போட்டிருந்தேன். தைம் என்ற மேல்நாட்டுத் தழையின் வாசனைக்குக் காரணமான தைமால் அதிலும் இருக்கிறது என்ற யோசனை சரிதான், ஆனால் அந்த இலை பூராவும் தண்ணீர். தைம் கிடைக்காவிட்டால் ஓமம் போடுங்கள், அதே தைமால், ஈரமே இல்லை.

இப்போது செய்வது இப்படி.

கொத்தமல்லி ஒரு கைப்பிடி, புதினா அரைக் கைப்பிடி, இலை மட்டும், காம்பு வேண்டாம். கழுவி, துணியில் பரப்பி, ஃபேனுக்கு அடியில் ஒரு மணி நேரம். பிறகு கத்தியால் பொடியாக நறுக்குங்கள், மிக்ஸிப் பக்கமே போகாதீர்கள். கறிவேப்பிலை இரண்டு கொத்து, எண்ணெயில் மொறுமொறு என்று பொரித்து கையால் நொறுக்கியது. காய்ந்த ரோஸ்மேரி ஒரு டீஸ்பூன். ஓமம் அரை டீஸ்பூன், லேசாக இடித்தது. மிளகு ஒரு டேபிள்ஸ்பூன், உரலில் ஒன்றிரண்டாக இடித்தது. பூண்டு ஆறு பல், மிகப் பொடியாக நறுக்கி எண்ணெயில் அரை நிமிடம் வதக்கியது. பச்சையாகப் போட்டால் மேலே கருகிக் கசக்கும். கடைசியாக ரொட்டித்தூள் ஒரு கப், அதுதான் தப்பித்தவறி வரும் ஈரத்தையும் குடிக்கிறது. இனிப்பு ரஸ்க்கைப் பொடித்துப் போடாதீர்கள், சர்க்கரை கறியை முந்திக்கொண்டு கருகும், சாதா பிரெட்டைக் காயவைத்துப் பொடியுங்கள். எல்லாவற்றையும் இரண்டு ஸ்பூன் கடலை எண்ணெய் விட்டுப் பிசிறினால், கையில் பிடித்தால் பிடி நிற்க வேண்டும், விட்டால் உதிர வேண்டும். புட்டு மாவுப் பதம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

ஒட்டுவதற்கு பாட்டிலில் வரும் கடுகு பேஸ்ட், இரண்டு டேபிள்ஸ்பூன். வீட்டில் வினிகரில் ஊறவைத்து அரைத்தும் பார்த்தேன், காரம் மண்டைக்கு ஏறியது, பாட்டிலே மேல்.

சுட்டு, ஆறவைத்து, அப்புறம் ஒட்டு

கறியை ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்து வெளியே இரண்டு மணி நேரம் வைக்கச் சொல்லும் செய்முறைகளை நம்ப வேண்டாம், எழுதியவர் வேலூர் கத்திரி வெயிலைப் பார்த்ததில்லை. 32 டிகிரிக்கு மேல் வெயில் இருந்தால் பச்சைக் கறியை ஒரு மணி நேரத்துக்கு மேல் வெளியில் விடக்கூடாது. நான் அரை மணி நேரம்தான் வைத்தேன்.

இரும்புத் தோசைக்கல் நன்றாகக் காய்ந்து, கடலை எண்ணெய் லேசாகப் புகையும்போது கறியை வைத்து ஒவ்வொரு பக்கமும் ஒன்றரை நிமிடம். நான்ஸ்டிக்கில் இதைச் செய்யாதீர்கள், அந்தச் சூட்டுக்கு அது செய்யப்பட்டதல்ல. ஜன்னலைத் திறந்து வையுங்கள், புகை வரும். நிறம் வந்ததும் எடுத்து கம்பித் தட்டில் பத்து நிமிடம் ஆறவிடுங்கள், கொஞ்சம் நீர் விடும், அதை ஒற்றி எடுங்கள். அந்தப் பத்து நிமிடத்தை நான் முதலில் விட்டிருந்தேன். சூடான கறியில் கடுகு இளகி வழியும்.

ஆறியதும் மேலும் பக்கவாட்டிலும் கடுகு தடவி, தழைக் கலவையைக் கை நிறைய எடுத்து அழுத்தி ஒட்டுங்கள். தூவாதீர்கள், அழுத்துங்கள். அடிப்பக்கம் வேண்டாம், அங்கே போட்டால் நமத்துப்போகும். நூலை இதற்கு முன்பே அவிழ்த்துவிடுங்கள், வடிவம் நின்றிருக்கும். நூலோடு ஒட்டினால் கடைசியில் நூலை உருவும்போது பொருக்கும் கூடவே வரும்.

ஓவன்

என்னுடையது 35 லிட்டர் ஓடிஜி, அதாவது மேசை மேல் வைக்கும் மின் ஓவன். 180 டிகிரி, மேல் கீழ் இரண்டு கம்பியும், 15 நிமிடம் முன்சூடு. கறியை நடுத்தட்டுக்கு ஒரு படி கீழே வையுங்கள், மேல்கம்பிக்கும் பொருக்குக்கும் நடுவில் குறைந்தது நாலு விரல் இடம் வேண்டும். பொருக்கு சீக்கிரம் சிவந்தால் மேலே ஃபாயிலைச் சும்மா படுக்கப் போடுங்கள், இறுக்க வேண்டாம்.

எவ்வளவு நேரம் என்று கேட்காதீர்கள். எனக்கு 38 நிமிடம் ஆனது, உங்களுக்கு 30 ஆகலாம், 50 ஆகலாம். கறியில் குத்திப் பார்க்கும் டிஜிட்டல் தெர்மாமீட்டர் சில நூறு ரூபாய்தான், ஓவனை விட அது முக்கியம் என்பேன். மேலேயிருந்து குத்தாமல் பக்கவாட்டில், பருத்த இடத்தின் நடுமையத்துக்குப் போகிற மாதிரி குத்துங்கள். 60 காட்டியதும் வெளியே எடுங்கள், உள்ளிருக்கும் சூட்டில் அது தானாக 63, 64க்கு ஏறும். நடுவில் இளஞ்சிவப்பாக இருக்கும். எங்கள் வீட்டுப் பெரியவர்கள் அதைப் பார்த்தால் "ரத்தம்" என்று தட்டை நகர்த்திவிடுவார்கள். அது ரத்தமில்லை, தசையில் இருக்கும் மயோகுளோபின் என்ற புரதத்தின் நிறம், ஆனால் பந்தியில் நின்று இதை விளக்க முடியுமா? அதனால் இரண்டு முனைகளிலிருந்தும் வெந்த துண்டுகளை அவர்களுக்கு, நடுத்துண்டு எங்களுக்கு. கர்ப்பிணிகளோ உடம்பு முடியாதவர்களோ இருந்தால் 71 வரை விட்டுவிடுங்கள், கொஞ்சம் இறுகும், பரவாயில்லை.

எடுத்ததும் அறுக்காதீர்கள், 15 நிமிடம் சும்மா இருக்கட்டும். எனக்கு அது அரை மணி நேரம் ஆனது, ஐயரின் முடிவு ஜெபம் நீண்டுவிட்டது. (எங்கள் சபையில் போதகரை ஐயர் என்றுதான் சொல்வோம். "ஐயர் வரார், மாட்டுக்கறி ரோஸ்ட் பண்றேன்" என்று ஆபீஸில் சொல்லிவிட்டு, அவர்கள் முகத்தைப் பார்த்த பிறகுதான் விளக்க வேண்டும் என்று தோன்றியது.) அரை மணியிலும் வெதுவெதுப்பு போகவில்லை, மே மாதம் அந்த உதவியாவது செய்தது.

பிரெட் வெட்டும் பல் வைத்த கத்தியால், அழுத்தாமல் ரம்பம் மாதிரி இழுத்து, விரல் தடிமனுக்கு அறுங்கள். சாதாரணக் கத்தி பொருக்கை உள்ளே அமுக்கும்.

தொட்டுக்கொள்ள, கறி சுட்ட கல்லிலேயே சின்ன வெங்காயம் வதக்கி, மிளகு போட்டு, தட்டில் இறங்கிய சாற்றை ஊற்றிக் கொதிக்கவிட்டால் போதும். ஓவன் சூடாக இருக்கும்போதே இலவம்பாடி முள்ளுக் கத்திரிக்காயை இரண்டாகப் பிளந்து எண்ணெய் தடவி உள்ளே தள்ளினேன். 2023இல் புவிசார் குறியீடு வாங்கிய காய், பிரியாணிக்குத் தொக்காக மட்டும் அதைப் பார்த்துப் பழகியவர்கள் இப்படியும் ஒருமுறை சாப்பிடலாம்.

பிறகு சேர்த்தது

இதைப் படித்துவிட்டு மூன்று பேர் ஒரே கேள்வி கேட்டார்கள்: அண்டர்கட் கிடைக்கவில்லை, தொடைக்கறி முழுசாக இருக்கிறது, செய்யலாமா? செய்யலாம், ஆனால் இந்த வழியில் வேண்டாம். தொடையில் தசை நார்களைப் பிணைக்கும் திசு அதிகம், அது கரைந்து மெத்தென்று ஆக கறியின் உள்சூடு இன்னும் ஏற வேண்டும், நிறைய நேரமும் வேண்டும். சுட்ட கறியை ஒரு கப் தண்ணீரோடு மூடிய பாத்திரத்தில் 150 டிகிரியில் மூன்று மணி நேரம் வேகவிட்டு, முள்கரண்டி தடையில்லாமல் இறங்கினால் எடுத்து, நன்றாக ஆறவைத்து, துடைத்து, அப்புறம் கடுகும் தழையும் ஒட்டி 200 டிகிரியில் 15 நிமிடம். தெர்மாமீட்டர் கணக்கு இதற்குப் பொருந்தாது. அறுக்கும்போது நார் எந்தப் பக்கம் ஓடுகிறது என்று பார்த்து அதற்குக் குறுக்கே அறுங்கள். அண்டர்கட்டில் நார் நீளவாக்கில் ஓடுவதால் நேராக அறுத்தாலே குறுக்காகிவிடும், தொடையில் அப்படி இல்லை.

இன்னொருவர் பேர்ணாம்பட்டிலிருந்து, பாதியில் கரண்ட் போய்விட்டது, என்ன செய்வது என்று கேட்டிருந்தார். எனக்கும் ஒருமுறை போனது. கதவைத் திறக்காமல் 20 நிமிடம் வரை பாருங்கள். அதற்குள் வரவில்லை என்றால் அடிகனமான கடாயில் கம்பி ஸ்டாண்ட் போட்டு, கறியை அதன் மேல் வைத்து, மூடியைச் சற்றே திறந்த மாதிரி வைத்துச் சிறு தீயில் 60 வரை கொண்டுவந்துவிடலாம். பொருக்கு கொஞ்சம் நமத்துப்போகும், ஆனால் விழாது.